மரக்கால் யார் கையில்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த டெல்டா மாவட்டத்தின் பெயரைப் போட்டு யூடியூபில் தேடினாலும் கிடைப்பவற்றைக் கவனியுங்கள். குறுவைக்கு நாற்றங்கால் விடும் முறை, இயந்திர நடவுக்கு ஆகும் செலவு, பாரம்பரிய நெல் விதை, கொள்முதல் நிலையத்தில் தேங்கிக் கிடக்கும் மூட்டைகள், குடமுழுக்கு, நாகஸ்வரக் கச்சேரி, கரகாட்டம், வீட்டுச் சமையல் என்று வரிசையாக வரும். இவற்றில் பெரும்பகுதியை எடுப்பவை தொலைக்காட்சி நிறுவனங்கள் அல்ல. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒரு சேனல் நடத்துகிறார். படித்து முடித்த விவசாயி வீட்டுப் பிள்ளை ஒரு செல்பேசியும் காலர் மைக்கும் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்கிறார். இந்த உழைப்புக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு நிறுவனம். ஸ்ட்ரீமிங் தளங்கள் வருமானத்தைக் குறைக்கின்றன என்ற புகார் எழும்போதெல்லாம் விவாதம் சதவீதத்திலேயே நின்றுவிடுகிறது. விதியை மாற்றுவதும் கணக்குப் போடுவதும் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் ஒரே கையில் இருப்பதுதான் சதவீதத்தைவிடப் பெரிய சங்கதி. அந்த அதிகாரத்தின் அடி பெரிய தயாரிப்பாளர் மேலும் விழுகிறது. ஆனால் அவருக்குப் பேரம் பேச இடம் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு இல்லை. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்காகப் பல பத்தாண்டுகள் போராடிச் சட்டம் வாங்கிய மண் இது என்பதால், இங்கிருந்து இதைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு.

முதலில் பங்கு எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிடலாம். நீளமான வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்கு, 45 சதவீதம் யூடியூபுக்கு. சேனல் உறுப்பினர் கட்டணம், நேரலையில் பார்வையாளர் அனுப்பும் சூப்பர் சாட் போன்றவற்றில் 70 சதவீதம் எடுத்தவருக்கு. ஷார்ட்ஸ் எனப்படும் குறுவீடியோவுக்குக் கணக்கே வேறு. 2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே யூடியூப் ஷார்ட்ஸை முதலில் இந்தியாவில்தான் இறக்கியது. அதற்கான விளம்பரப் பங்கீடு 2023 பிப்ரவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதில் தனித்தனி வீடியோவுக்குத் தனித்தனிக் கணக்கு கிடையாது. ஷார்ட்ஸ் விளம்பரப் பணம் முழுவதும் ஒரே குவியலாகச் சேர்கிறது. பாட்டு போட்ட வீடியோக்களுக்கு உரிய தொகையில் ஒரு பாட்டென்றால் பாதியும், இரண்டு பாட்டென்றால் மூன்றில் இரண்டு பங்கும் இசை உரிமைக்காக எடுக்கப்படுகிறது. மிச்சம் இருப்பதை அவரவர் பெற்ற பார்வைகளின் விகிதத்தில் பிரித்து, அதிலும் 45 சதவீதம்தான் எடுத்தவருக்கு.

ஒரு பேச்சுக்கு, குவியலில் 100 ரூபாய் சேர்ந்தது என்றும் பார்வைகளில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பாட்டு போட்ட வீடியோக்களுடையது என்றும் வைத்துக்கொள்வோம். இசைக்கு 10 ரூபாய் போக 90 ரூபாய் மிஞ்சும். அதில் 45 சதவீதம், அதாவது 40 ரூபாய் 50 காசு, வீடியோ எடுத்த எல்லோருக்கும் பொதுவான பங்கு. இங்கே கவனிக்க வேண்டியது, பாட்டே போடாமல் நடவு வயலின் இயல்பான சத்தத்தோடு வீடியோ போட்டவருக்கும் அந்த 90-லிருந்துதான் கிடைக்கிறது என்பதுதான். அடுத்தவர் போட்ட சினிமாப் பாட்டுக்கு இவர் பங்கிலும் பிடித்தம் நடக்கிறது. அந்த இசைப் பங்கு போய்ச் சேருவது பெரிய ஆடியோ நிறுவனங்கள் உள்ளிட்ட உரிமையாளர்களிடம். இது ரகசியம் ஒன்றுமில்லை. நிறுவனத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது, பாட்டு போடாதவரின் சார்பில் பேச அந்த மேஜையில் யாரும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 55 சதவீதம் பல ஆண்டுகளாக மாறவே இல்லையே, குறைப்பு எங்கே நடந்தது? சதவீதத்தைத் தொடாமலேயே வருமானத்தைக் குறைக்கப் பல வாசல்கள் இருக்கின்றன. 2018 ஜனவரியில் யூடியூப் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. விளம்பர வருமானம் வேண்டுமானால் 1,000 சப்ஸ்க்ரைபர்களும் கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன் 2017-ல் வைத்திருந்த வரம்பு மொத்தம் 10,000 பார்வைகள் மட்டுமே. பழைய வரம்பைத் தாண்டி உள்ளே வந்தவர்களையும் புதிய வரம்பு பிப்ரவரி 20 முதல் வெளியே அனுப்பியது. சுமார் ஐந்து வார அவகாசம். அவர்களுடைய பழைய வீடியோக்கள் தளத்திலேயே இருந்தன, அவற்றை மக்கள் பார்த்தும் வந்தார்கள். பங்கு மட்டும் நின்றது. விலக்கப்படுபவர்களில் 99 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் 100 டாலருக்கும் குறைவாகவே சம்பாதித்தவர்கள் என்று நிறுவனம் அப்போது சமாதானம் சொன்னது. கணக்கில் அது உண்மையாகவே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் சிறியது என்பதால் மொத்தமும் சிறியது என்று ஆகிவிடாது. தவிர, தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் சிறு தொகை வருவதுதான் எந்தத் தொழிலுக்கும் இயல்பு. அந்தச் சிறு தொகைதான் அடுத்த மைக் வாங்க உதவுகிறது. சேர்ந்த தொகை 100 டாலரைத் தொட்டால்தான் வங்கிக்கு வரும் என்ற விதியும் உண்டு. தமிழில் மட்டும் பேசும், இந்தியாவில் மட்டும் பார்க்கப்படும் ஒரு வேளாண் சேனலுக்கு அந்த 100 டாலர் சேர எத்தனையோ மாதங்கள் ஆகலாம். இங்கே விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை அமெரிக்காவில் கிடைப்பதைவிட மிகவும் குறைவு.

அடுத்த வாசல், தொழிலில் இருப்பவர்கள் 'மஞ்சள் டாலர்' என்று சொல்லும் குறியீடு. ஒரு வீடியோ விளம்பரதாரருக்கு ஏற்றதல்ல என்று இயந்திரம் கருதினால் பச்சையில் இருக்க வேண்டிய டாலர் குறி மஞ்சளாகும். விளம்பரம் குறையும் அல்லது அறவே நின்றுவிடும். வன்முறை, ஆபாசம் போன்றவற்றுக்கு இது பொருந்துவதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் பேரிடர், போராட்டம், பொதுக் கலவரம் போன்ற உணர்ச்சிகரமான நிகழ்வுகளும் அந்த விதிகளின் வரம்புக்குள் வரக்கூடும். டெல்டாவில் உள்ளூர்ச் செய்தி என்றால் பெரும்பாலும் இவைதான். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்கள், 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்தது, கொள்ளிடத்தில் வெள்ளம், அறுவடை நேரத்து மழையில் முளைத்துப்போன நெல். மக்களுக்கு மிக அவசியமான வீடியோவே எடுத்தவருக்கு மிகக் குறைந்த வருமானம் தருவதாக ஆகக்கூடிய ஏற்பாடு இது. மறுபரிசீலனை கேட்கலாம், மனிதர் பார்ப்பார் என்கிறது நிறுவனம். அதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம். வெள்ளச் செய்தி வீடியோவின் ஆயுள் இரண்டு நாள். பச்சை டாலர் திரும்பி வரும்போது தண்ணீரும் வடிந்திருக்கும், பார்வையும் வடிந்திருக்கும். பெரிய செய்தித் தொலைக்காட்சிக்கு இந்த இழப்பு நூறு வீடியோக்களில் ஒன்று. கேபிளிலும் அரசு விளம்பரத்திலும் அதற்கு வேறு வருமானம் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து ஒரே கேமராவோடு செய்தி தருபவருக்கு அந்த மாதத்தின் ஒரே பெரிய வீடியோ அது.

இசைக்காரர்களின் பாடு இன்னும் சிக்கலானது. தியாகராஜரின் திருவையாறு இருக்கும் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது. அவர் 1847-ல் மறைந்தார்; அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் காப்புரிமை கோர முடியாது. ஆனால் ஒரு கீர்த்தனையை ஒரு நாகஸ்வரக் கலைஞர் புதிதாக வாசித்து, தானே பதிவு செய்து ஏற்றினாலும், யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' இயந்திரம் அதை ஏதோ ஒரு ஆடியோ நிறுவனத்தின் பழைய பதிவோடு பொருத்திப் பார்த்து உரிமை கோரிவிட வாய்ப்பு இருக்கிறது. மறுப்புத் தெரிவித்தால் உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தும் வசதி ஏராளமான பதிவுகளைக் கையில் வைத்திருக்கும் பெரிய உரிமையாளர்களுக்கே தரப்படுகிறது. நாகஸ்வரக் கலைஞரின் பதிவை வேறொருவர் எடுத்து ஏற்றினால், அவர் படிவம் நிரப்பிப் புகார் கொடுக்க வேண்டும். ஒரே தளத்தில் ஒருவருக்கு இயந்திரம் காவல் நிற்கிறது, இன்னொருவர் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெரிய தயாரிப்பாளர்களின் நிலையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அவர்களும் அடி வாங்கியிருக்கிறார்கள். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்குப் போகாமல் நேராக அமேசான் பிரைம் வீடியோவில் வெளிவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த ஆண்டு நவம்பரில் 'ஜெய் பீம்' என்று அந்த வழி அகலமானது. படம் தொடங்கும் முன்பே ஓடிடி விற்பனையை வரவில் எழுதிக்கொண்டு, அதை நம்பி நடிகர் சம்பளத்தையும் ஏற்றிய காலம் அது. தளங்கள் சந்தாதாரர்களைச் சேர்ப்பதற்காகக் கையை நீட்டிச் செலவழித்த காலமும் அதுதான். பிறகு நிலைமை மாறியது. 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியச் சந்தாவைக் குறைத்தது; 499 ரூபாயாக இருந்த அடிப்படைத் திட்டம் 199 ஆனது. இவ்வளவு குறைந்த சந்தாவை வைத்துப் பெரிய விலைக்குப் படம் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியத் தொழிலை இணைத்தன. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒரே தளமாயின. படம் வாங்க வரிசையில் நின்றவர்களில் ஒருவர் குறைந்தார். 2025 ஜூனில் பிரைம் வீடியோ இந்தியாவிலும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. வாங்குபவர் குறைந்து, சந்தாவும் போதாமல் போனபோது, படத்தின் விலை திரையரங்கில் எப்படி ஓடியது என்பதோடு கட்டப்பட்டது. ஓடிடிக்கு விற்கக் காத்திருந்து வெளியீட்டுத் தேதியையே தள்ளிப்போட்ட படங்கள் உண்டு.

ஆனாலும் பெரிய தயாரிப்பாளரிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், தயாரிப்பாளர் சங்கம் இருக்கிறது. திரையரங்கு, தொலைக்காட்சி, பிறமொழி, ஆடியோ என்று உரிமைகளைப் பிரித்து விற்கலாம். ஒன்று குறைந்தால் இன்னொன்றில் கொஞ்சமாவது தேற்றிக்கொள்ளலாம். தனிப் படைப்பாளியின் நிலைக்கு 'கூழாங்கல்' ஒன்றே சாட்சி. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய அந்தப் படம் 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் உயரிய டைகர் விருதை வென்றது. அதே ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. பிரபலமான தயாரிப்பாளர்கள் பின்னால் இருந்தும், சோனி லிவ் தளத்தில் அது தமிழ்ப் பார்வையாளருக்குக் கிடைக்க 2023 அக்டோபர் ஆகிவிட்டது. விருதும் பெயரும் உள்ள படத்துக்கே இரண்டரை ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு. அமெரிக்காவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 2016-ல் அமேசான் 'பிரைம் வீடியோ டைரக்ட்' என்ற வாசலைத் திறந்து, யார் வேண்டுமானாலும் படத்தை ஏற்றலாம், அமெரிக்காவில் ஒரு மணி நேரம் பார்க்கப்பட்டால் 15 சென்ட் என்றது. தளத்தில் படங்கள் நிறைந்த பிறகு அந்த வீதம் குறைந்தது. பிறகு பார்வையாளர் ஈடுபாட்டைத் தளமே அளந்து தரம் பிரித்தது. மிகக் கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு மணிக்கு ஒரு சென்ட் என்று ஆனது. 2021-ல் ஆவணப்படங்களையும் குறும்படங்களையும் அந்த வாசல் வழியாக எடுத்துக்கொள்வதையே நிறுத்தியது. அந்தத் தரவரிசை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று படம் எடுத்தவர்களால் சரிபார்க்க முடியவில்லை. பெரிய ஸ்டுடியோக்கள் அந்த வாசலில் நிற்கவே இல்லை; அவர்களுக்குத் தனி ஒப்பந்தம் இருந்தது.

இதற்கெல்லாம் எதிர் உதாரணமாக 'வில்லேஜ் குக்கிங் சேனல்' காட்டப்படும். காட்டப்பட வேண்டியதுதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் 2018-ல் தொடங்கிய அந்தச் சேனல், 2021-ல் ஒரு கோடி சப்ஸ்க்ரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அந்த மகிழ்ச்சியில் முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். திறந்த வெளியில், பெரிய அண்டாவில், கூடி உழைத்துச் சமைத்து, அதைப் பலருக்கும் பரிமாறுவதை உலகம் பார்த்தது. எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்திருக்காது, யூடியூப் தந்தது. இதைக் குறைத்துச் சொல்வது நேர்மையல்ல. ஆனால் ஒரு சேனல் ஒரு கோடியைத் தொட்டதால், ஐயாயிரம் சப்ஸ்க்ரைபர் உள்ள சேனலுக்கான விதி நியாயமானது என்று ஆகிவிடாது. அந்த உயரத்துக்குப் போனவர்களுக்கு விளம்பர நிறுவனங்கள் நேரடியாக வரும், சினிமா வாய்ப்பு வரும், தளமே தனிக் கவனம் கொடுக்கும். அவர்களும் ஒருவகையில் பெரிய தயாரிப்பாளர்களாகிவிடுகிறார்கள். விதிமாற்றம் யாரைச் சாய்க்கிறது என்பதை நடுவில் இருப்பவர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

இனி டெல்டாவின் பழைய கணக்குக்கு வருகிறேன். நிலம் மிராசுதாருடையது, உழைப்பு பங்குக்குப் பயிரிடும் வாரதாரருடையது, களத்துமேட்டில் நெல் அளக்கும் மரக்கால் மிராசுதார் ஆளின் கையில் என்று இருந்த காலத்தில், பங்கு எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்கவே துணிச்சல் வேண்டியிருந்தது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் ஊர் ஊராக விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான் பேச்சுவார்த்தை என்ற ஒன்று நடந்தது. 1948-ல் மாயவரம் ஒப்பந்தம் பண்ணையாட்களின் கூலியை எழுத்தில் கொண்டுவந்தது. 1952-ல் ராஜாஜி ஆட்சியில் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு சட்டமாகவும் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. 1956-ன் நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சை நிலத்தில் நில உரிமையாளரின் பங்கை 40 சதவீதமாக்கியது. 1980-ல் அது 25 சதவீதமாகக் குறைந்தது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது எல்லோரும் இந்தச் சதவீதங்களையே எண்ணுகிறார்கள். 1952 சட்டத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு இரண்டு அம்சங்கள். ஒன்று, தகராறு வந்தால் கேட்பதற்குச் சமரச அதிகாரி, அவருக்கு மேல் முறையீட்டுக்கு வருவாய் நீதிமன்றம் என்று, பங்கு கொடுப்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஆளைச் சட்டம் உள்ளே கொண்டுவந்தது. இன்னொன்று, ஒரு வேலி, அதாவது சுமார் 6.66 ஏக்கர் வரை வைத்திருந்த சிறு மிராசுதாரர்களை அது கட்டுப்படுத்தவில்லை. அதிகாரம் எங்கே குவிந்திருந்ததோ அங்கேதான் கடிவாளம் போட்டது. அப்படியும் அந்தச் சட்டங்கள் முழுப் பலன் தரவில்லை. வாய்மொழிக் குத்தகையாக இருந்ததால், நான் வாரதாரர் என்று நிரூபிக்கவே முடியாமல் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அதனால்தான் 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் தேவைப்பட்டது. பதிவும் கணக்கும் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல சதவீதமும் காகிதத்தில்தான் இருக்கும் என்பதை இந்த மாவட்டங்கள் பதினேழு ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்டன.

ஒப்பிடுவது சரியா என்று கேட்பார்கள். மிராசுதார் நிலத்தை உருவாக்கவில்லை. யூடியூபை அந்த நிறுவனம் உருவாக்கியது. கோடிக்கணக்கான வீடியோக்களைக் காசு வாங்காமல் சேமித்து வைக்கிறது, உலகம் முழுக்கக் கொண்டு சேர்க்கிறது, விளம்பரதாரரையும் தானே தேடிப் பிடிக்கிறது. ஏற்றுபவர் ஒரு ரூபாய் கட்டுவதில்லை, பிடிக்காவிட்டால் வெளியேறலாம். வாரதாரருக்கு அந்த வசதி இல்லை, வெளியேறினால் பட்டினி. இந்த வேறுபாடுகள் உண்மையானவை. அதனால்தான் பங்கை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 55 நியாயமா 65 நியாயமா என்று வெளியிலிருந்து சொல்வதற்கான செலவுக் கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் வெளியேறும் சுதந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டு உழைத்துச் சேர்த்த சப்ஸ்க்ரைபர்களை இன்னொரு தளத்துக்குக் கூட்டிப் போக முடியாது. அவர்களில் பெரும்பாலானோர் யார் என்றே சேனல் நடத்துபவருக்குத் தெரியாது. பார்வையாளர் இருக்கும் இடத்தில்தான் வீடியோ பிழைக்கும். யூடியூபுக்கு ஈடான மாற்றுத் தளம் தமிழில் இன்று இல்லை. தவிர, தளத்தை நிறுவனம் கட்டியது உண்மைதான், ஆனால் உள்ளே பார்க்க எதுவும் இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்துக்கு விளம்பரதாரர் வரமாட்டார். இரண்டு தரப்பும் சேர்ந்து விளைவித்ததை ஒரு தரப்பு மட்டுமே அளக்கலாம் என்பதற்கு, கட்டியது நான் என்பது போதுமான காரணமில்லை.

எனக்கே கவலை தரும் ஆட்சேபம் வேறொன்று. அரசை உள்ளே அழைத்தால் அது பங்கோடு நிற்குமா? வீடியோவில் என்ன பேசலாம் என்பதிலும் கை வைக்காதா? இது வெறும் பயமில்லை. ஒலிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் புதிய வரைவு 2024-ல் சிலருக்கு மட்டும் சுற்றுக்கு விடப்பட்டது. செய்தி பேசும் யூடியூபர்களையும் ஒலிபரப்பாளர்களாகக் கருதிக் கட்டுப்படுத்த அதில் வழி இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கி, விரிவாகக் கலந்து பேசிப் புதிய வரைவு தருவதாகச் சொன்னது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வீடியோ போடுபவர், தளத்துக்கு ஒரு பயம், அரசுக்கு ஒரு பயம் என்று இரட்டைப் பயத்தோடு வேலை செய்யும் நிலை வரக்கூடாது. ஆகவே எந்தச் சட்டமும் வீடியோ எடுப்பவரைத் தொடக்கூடாது. தளத்துக்கும் அவருக்கும் இடையிலான வணிகத்தை மட்டுமே தொட வேண்டும். அப்படிப் பிரித்துச் சட்டம் போட முடியும் என்பதற்கு ஐரோப்பா உதாரணம். இணையத் தளங்களை நம்பி வியாபாரம் செய்யும் சிறு நிறுவனங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இயற்றி 2020 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒழுங்குமுறை, விதியை மாற்றுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, கணக்கை மூடுவதற்கு 30 நாள் முன்பு காரணத்தோடு அறிவிப்பு, வரிசைப்படுத்தலின் முக்கிய அளவுகோல்களை வெளியிடுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. யார் என்ன பேசலாம் என்பதில் அது தலையிடவில்லை. ஜெர்மனியில் 2019-ல் ஐ.ஜி. மெட்டால் என்ற பெரிய தொழிற்சங்கம் யூடியூபர்களின் சங்கத்தோடு சேர்ந்து 'ஃபேர்டியூப்' என்ற இயக்கத்தை நடத்தியது. கூடுதல் சதவீதத்தை அவர்கள் முதன்மையாகக் கேட்கவில்லை. வீடியோக்கள் எந்த அளவுகோலில் மதிப்பிடப்படுகின்றன என்று சொல்லுங்கள், முடிவுக்குக் காரணம் கொடுங்கள், பேச ஒரு மனிதரைக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இந்தியாவில் இதற்கான கதவு அடைபட்டிருக்கவில்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2025 மார்ச்சில் அது சுமார் 216 கோடியாகக் குறைந்தாலும், செயலி உருவாக்குபவர்களுக்கும் தளத்துக்கும் உள்ள உறவில் ஆணையம் தலையிடலாம் என்பது நிலைத்தது. பெரிய மின்னணு நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை விதிக்கும் போட்டிச் சட்ட வரைவு ஒன்றும் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்த வரைவு விவாதத்துக்கு வந்தால் வீடியோ தயாரிப்பாளர்களையும் அதற்குள் கொண்டுவரச் சொல்லலாம். கேட்க வேண்டியவையும் பெரியவை அல்ல. பங்கீட்டு விதி மாறினால் தமிழில், முன்கூட்டியே, சேனல் நடத்துபவரின் கைக்கு அறிவிப்பு வர வேண்டும். 2025 ஜூலை 15 முதல் 'நம்பகமற்ற உள்ளடக்கம்' குறித்த விதி மாற்றம் வருகிறது என்ற செய்தி பரவியபோது, இனி வருமானமே நின்றுவிடும் என்று பலர் பதறினார்கள். பழைய விதியின் சிறு திருத்தம்தான் என்று நிறுவனம் பிறகு விளக்கியது. முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் அந்தப் பதற்றத்துக்கு வேலையில்லை. மஞ்சள் டாலர் தவறாக விழுந்தது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டால், இழந்த நாட்களின் வருமானத்தை ஈடுகட்ட வேண்டும். உரிமைத் தகராறில் தளத்துக்கு வெளியே ஒரு நடுவர் வேண்டும்.

கணக்கு வெளியே வருவதுதான் எல்லாவற்றிலும் முதலில் நடக்க வேண்டியது. 2025 மே மாதம் மும்பையில் நடந்த வேவ்ஸ் மாநாட்டில், முந்தைய மூன்று ஆண்டுகளில் இந்தியாவில் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பதாக யூடியூப் தலைவர் நீல் மோகன் அறிவித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 850 கோடி முதலீடு என்றும் சொன்னார். பெரிய தொகைதான், வரவேற்க வேண்டியதுதான். படைப்பாளிகள், கலைஞர்கள், ஊடக நிறுவனங்கள் மூன்று தரப்புக்கும் சேர்த்துச் சொன்ன எண் அது. பெரிய ஆடியோ நிறுவனமும் செய்தித் தொலைக்காட்சியும் திருத்துறைப்பூண்டியில் விதைநெல் பற்றிப் பேசும் சேனலும் அதற்குள் ஒன்றாக இருக்கிறார்கள். அதில் ஊடக நிறுவனங்களுக்குப் போனது எவ்வளவு, தனியாள் சேனல்களுக்குப் போனது எவ்வளவு, தமிழுக்கு எவ்வளவு, ஷார்ட்ஸ் குவியலிலிருந்து இசைக்காக எடுத்தது எவ்வளவு என்று ஆண்டுதோறும் பிரித்து வெளியிட வைப்பதற்குப் புதிய தொழில்நுட்பமோ பெரிய செலவோ தேவையில்லை. ஒவ்வொரு சேனலுக்கும் மாதந்தோறும் பணம் அனுப்பும் நிறுவனத்திடம் அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன.